குபா ராஃபியா வெல்வெட்: நார் பிரிப்பதிலிருந்து குச்சம் வெட்டுவது வரை முழுமையான வழிகாட்டி

காங்கோ ஜனநாயகக் குடியரசில், கசாய், சங்குரு, லுலுவா ஆறுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் வாழும் குபா மக்கள், ராஃபியா பனையின் ஓலை நாரில் துணி நெய்கிறார்கள். அந்தத் துணியின் மேல் நாரைக் கோத்து, நுனியை வெட்டி நிறுத்தி, வெல்வெட் பரப்பாக மாற்றுவதில் ஷோவா என்ற குபா பிரிவினர் பேர்போனவர்கள். அந்த முறையில் ஒரு சிறு சதுரத்தை வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துணியில் எந்தக் குச்சத்துக்கும், அதாவது கோத்து வெட்டி நிறுத்திய நார் நுனிக்கும், முடிச்சு கிடையாது. பின்பக்கம் பசையோ உள்துணியோ எதுவும் இல்லை. அடித்துணியின் இழைகள் இறுக்கிப் பிடிப்பதால்தான் குச்சம் நிற்கிறது. புதிதாக வருகிறவர்கள் நெசவைக் கடமைக்கு முடித்துவிட்டுத் தையலுக்கு ஓடுகிறார்கள். நெசவில் விட்ட தளர்வு, பாதித் தையலில் குச்சங்கள் உதிரும்போதுதான் கண்ணுக்குத் தெரியும். அந்தக் கட்டத்தில் அதைச் சரிசெய்ய வழியே இல்லை.

1. வேலையின் வரிசை

குபா ஊர்களில் பனை வளர்ப்பது, நார் எடுப்பது, நெய்வது ஆண்களின் வேலை. இந்த வெல்வெட் தையல் பெண்களின் வேலை. ஒரு சதுரம் முடிய மாதக்கணக்கில் ஆகும். நீங்கள் இரண்டு வேலையையும் தனியாகச் செய்யப் போகிறீர்கள் என்பதால் அவசரத்தைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

வரிசை இதுதான்: நார் பிரித்தல், தறியில் பாவு (நீளவாக்கு இழைகள்) கட்டுதல், நெய்தல், ஓரத்தைத் தற்காலிகமாகக் கட்டுதல், இடித்து மென்மையாக்குதல், சாயம், நிரந்தர ஓரம், வடிவத்தின் கோடுகள், குச்சம், கடைசியாகச் சீராக்கல்.

இதில் அடிக்கடி மாற்றப்படுவது இடிப்பது. தைத்த பிறகு இடித்தால் கோடுகள் நகர்ந்துவிடும், குச்சம் நசுங்கிவிடும். சாயம் போட்ட பிறகு இடித்தால் நிறம் தேய்ந்து திட்டுத்திட்டாகும். ஆகவே முதலில் இடிப்பது, அப்புறம்தான் மற்றதெல்லாம்.

2. முன்கூட்டியே வேண்டியவை

ராஃபியா நார்: கைவினைக் கடைகளில் கட்டாகக் கிடைக்கும். உலகச் சந்தைக்கு வருவதில் பெரும்பகுதி மடகாஸ்கரிலிருந்து வருவது. அதுவும் ராஃபியா பனைதான், இந்த வேலைக்குப் போதும். ஆனால் 'ராஃபியா' என்ற பெயரில் பிளாஸ்டிக் நாடாவும் காகிதச் சுருளும் கடையில் கிடைக்கின்றன. ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். பிளாஸ்டிக் உருகி உருண்டையாகும். இன்னொரு துண்டைத் தண்ணீரில் ஊறவைத்து விரலால் உருட்டுங்கள்; காகிதம் பிரிந்து கூழாகும். உண்மையான நார் இரண்டிலும் தேறிவிடும்.

மற்றவை: உள்ளளவு 40 செ.மீ. இருக்கும் கெட்டியான மரச்சட்டம், நான்கு வழவழப்பான குச்சிகள், நெசவைத் தட்டி இறுக்கத் தட்டையான மரத்துண்டு (பட்டை) ஒன்று, விழுது (பாவின் பாதி இழைகளைத் தூக்கும் கண்ணிகள்) கட்டப் பருத்தி நூல், மர உரலும் உலக்கையும், முனை மழுங்கிய மெல்லிய ஊசி, கூரான சிறு கத்தி அல்லது வளைந்த நுனியுள்ள சிறு கத்தரிக்கோல்.

முதல் முயற்சிக்கு 20 செ.மீ. சதுரம் நெய்யுங்கள். ஓரம் மடித்த பிறகு தைக்க 16 செ.மீ. அளவு மிஞ்சும். அதைவிடப் பெரிதாக வேண்டாம். சின்னதைத்தான் முடிப்பீர்கள்.

நெசவே வேண்டாம், கடையில் வாங்கிய துணியில் தைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தையலைப் பழகிப் பார்க்க நெருக்கமாக நெய்த கெட்டி லினன் துணி சரி. சாக்குத் துணியை எடுக்காதீர்கள். அதன் கண்கள் அகலமாக இருப்பதால் ஒரு குச்சம்கூட நிற்காது.

3. நார் பிரித்தல்

கசாயில், விரியாத இளங்குருத்தோலையை வெட்டி, அதன் மெல்லிய மேல்தோலை உரித்து வெயிலில் காயவைப்பார்கள். அப்புறம் சீப்பு போன்ற கருவியால் அதை நீளவாக்கில் கிழிப்பார்கள். கடையில் வாங்கும் நார் உரித்துக் காய்ந்த நிலையில் இருக்கும். கிழிப்பது மட்டும் உங்கள் வேலை.

நாரைப் பத்து நிமிடம் தண்ணீரில் போட்டு எடுத்து, ஈரத்துண்டில் சுற்றி வையுங்கள். பிறகு ஊசி முனையால் குத்தி, சுமார் 1 மி.மீ. அகலமுள்ள இழைகளாகப் பிரியுங்கள். கிழிவது தானாக நேராக ஓடும். ஓடாமல் பக்கவாட்டில் விலகினால் அந்த நார் காய்ந்திருக்கிறது என்று பொருள், மறுபடி நனையுங்கள்.

ராஃபியாவை நூற்பதில்லை. இழை எவ்வளவு நீளமோ துணியும் அவ்வளவுதான். குபா துணி சிறு சதுரங்களாகவும் செவ்வகங்களாகவும் இருப்பதற்கும், நீளப் பாவாடைகளை அவர்கள் பல துண்டுகளைச் சேர்த்துத் தைப்பதற்கும் இதுவே காரணம். இழைகளை முடிச்சுப் போட்டு நீட்ட முயலாதீர்கள். முடிச்சு விழும் இடத்தில் நெசவு நெருங்காது.

பிரித்த இழைகளை மூன்று குவியலாக வையுங்கள். சீரானவை பாவுக்கு, கொஞ்சம் ஏறக்குறைய இருப்பவை குறுக்கே ஓடும் ஊடைக்கு, மிக மெல்லியவை தையலுக்கு. இந்தத் தரம் பிரிக்கும் வேலையைச் சலிப்பென்று தள்ளிவிடுகிறார்கள். ஒரே பாவில் தடித்த இழையும் மெல்லிய இழையும் கலந்தால் தடித்தது எல்லா இழுப்பையும் தாங்கும், மெல்லியது தொங்கும், அங்கே நெசவு கண்விடும்.

4. தறியும் பாவும்

குபா தறி சாய்வாக நிற்பது. விழுது ஒன்றே ஒன்றுதான். நம் சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்தால் அதே நிலை கிடைக்கும். சாய்வு வசதிக்காக மட்டும் அல்ல: பட்டையைக் கீழ்நோக்கித் தட்டும்போது கையின் எடையும் சேர்ந்து ஊடையை இறுக்கும்.

செ.மீ.க்கு 9 அல்லது 10 இழை வீதம், 20 செ.மீ. அகலத்துக்கு ஏறக்குறைய 190 இழைகள் வேண்டும். பத்துப் பத்தாக மேல் குச்சியில் கட்டி, கீழ்க் குச்சிக்கு இழுத்துக் கட்டுங்கள். ஒவ்வொரு இழையும் ஒருமுனை தடித்து மறுமுனை மெலிந்திருக்கும். ஆகவே ஒன்றைத் தடித்த முனை மேலேயும் அடுத்ததைக் கீழேயும் வைத்து மாற்றி மாற்றிக் கட்ட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் துணியின் ஒரு முனை அகலமாகவும் மறுமுனை குறுகியும் வரும்.

எல்லாம் கட்டியபின் உள்ளங்கையால் பாவைத் தடவிப் பாருங்கள். தொங்கும் கட்டை அவிழ்த்து இறுக்குங்கள். அப்புறம் இழை விட்டு இழையாகப் பருத்தி நூலில் கண்ணி போட்டு, ஒரு குச்சியில் விழுதாகக் கோத்துக்கொள்ளுங்கள். மீதி இழைகளின் அடியில் இன்னொரு குச்சியைச் செருகுங்கள். விழுதைத் தூக்கினால் ஊடை நுழையும் திறப்பாக ஒரு வாய், விட்டுவிட்டுக் குச்சியை நிமிர்த்தினால் மறுவாய்.

5. நெசவு

ஒரு வாய்க்கு ஓர் ஊடை இழை. குறுக்கே முழுதாக வைத்து, இரு பக்கமும் சுமார் 4 செ.மீ. வெளியே விடுங்கள். நூல் துணியில் ஊடை திரும்பி வந்து கரை உருவாகும். இங்கே ஒவ்வொரு ஊடையும் தனி இழை என்பதால் கரையே இருக்காது, நான்கு பக்கமும் நுனி தொங்கும்.

நார் எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும் என்பதுதான் நெசவில் பெரும்பாலோர் சறுக்கும் இடம். முழுக்கக் காய்ந்த நார் ஒடியும். அதற்குப் பயந்து சொட்டச் சொட்ட நனைத்து நெய்கிறார்கள். ஊறிய நார் உப்பியிருப்பதால் நெய்யும்போது இறுக்கமாகத் தெரியும். காய்ந்ததும் சுருங்கி, ஒவ்வோர் இழைக்கும் நடுவில் இடைவெளி விழும். கையில் எடுத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும், தண்ணீர் ஒட்டக் கூடாது. அந்த அளவு ஈரம் போதும்.

ஊடை வைத்ததும் ஒருமுறை தட்டுங்கள். வாயை மாற்றிய பிறகு மறுபடி தட்டுங்கள். இரண்டாவது தட்டில்தான் அது பூட்டிக்கொள்ளும், ஏனென்றால் பாவு அப்போது அதன் மேல் குறுக்கிட்டு நிற்கிறது.

நாலைந்து செ.மீ. நெய்ததும் ஒரு சோதனை. முதலில் துணியை அங்கேயே காயவிடுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் கண்ணாக எந்த ஓட்டையும் தெரியக் கூடாது. பிறகு ஒரு மெல்லிய இழையை ஒரே ஒரு ஊடையின் அடியில் கோத்து, இருபுறமும் 3 மி.மீ. விட்டு வெட்டி, கட்டைவிரல் நகத்தால் பத்துத் தடவை தேயுங்கள். நின்றால் தொடருங்கள். உதிர்ந்தால் பிரித்து இறுக்கி நெய்யுங்கள். நாலு செ.மீ. பிரிப்பதில் பெரிய நஷ்டம் இல்லை.

6. இடித்து மென்மையாக்கல்

தறியிலிருந்து இறங்கும் துணி முரடாக, பாயின் விறைப்போடு இருக்கும். மடித்தால் இழை முறியும். ஆகவே இப்போதே ஓரத்தை மடிக்க முடியாது. ஆனால் கரை இல்லாததால் அப்படியே இடித்தால் பிரிந்துவிடும். நான்கு ஓரத்திலும் பருத்தி நூலால் தளர்வாகச் சுற்றித் தைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

துணியை நனைத்துப் பிழியுங்கள். கையால் கசக்கிப் பிசையுங்கள். பிறகு தளர்வாக மடித்து உரலில் போட்டு, உலக்கையை ஓங்கிக் குத்தாமல் அதன் எடையில் விழவிடுங்கள். இருபது முப்பது குத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து, மூலைக்கு மூலை இழுத்து, வேறு மாதிரி மடித்துப் போடுங்கள். ஒரே மடிப்பில் இடித்துக்கொண்டே இருந்தால் மடிப்புக் கோட்டில் துணி அறுந்துவிடும்.

காய்ந்த துணியை இடிக்கக் கூடாது. ஈரம் குறையும்போதெல்லாம் தண்ணீர் தெளியுங்கள். துணி கையில் சுருட்டினால் சுருண்டு, விட்டால் மெதுவாக விரியும் பதம் வந்ததும் நிறுத்தலாம். இடித்ததில் இழைகள் சற்றே சிலிர்த்து, கண்கள் இன்னும் அடைந்திருக்கும். குச்சத்துக்கு அதுதான் பிடிமானம். மென்மை என்பது தொடும் சுகத்துக்காக மட்டும் என்று நினைத்து இந்தப் படியைப் பாதியில் விட்டுவிடாதீர்கள்.

ஓட்டை விழுந்தால்? குபா பெண்களின் நீளப் பாவாடைகளில் வட்டம், வளைவு, எல் வடிவம் என்று ஒட்டுத்துணிகள் நிறைந்திருக்கும். இடிக்கும்போது விழுந்த கிழிசலை மறைக்க வைத்த ஒட்டுகளிலிருந்தே அந்த அலங்காரம் வளர்ந்தது என்பது ஆய்வாளர்களிடையே பரவலான கருத்து. நம் சதுரத்தில் சிறு ஓட்டையை ராஃபியா இழையாலேயே பின்னி அடைத்து, அதன் மேல் ஒரு கோடு வரும்படி வடிவத்தை அமைத்துக்கொள்ளலாம். குச்சத்தை மட்டும் அந்த இடத்தில் வைக்காதீர்கள்.

7. சாயம்

கசாயில் சிவப்புக்குக் காம்வுட் என்ற மரத்தின் கட்டையை அரைத்த தூள். நம் செஞ்சந்தனத்தின் அதே பேரினம், டெரோகார்ப்பஸ். இந்த மரங்களின் சிவப்பு தண்ணீரில் எளிதில் இறங்காது. கொதிக்கவைத்த சாற்றில் முக்கியெடுத்து நிறம் ஏறவில்லை என்று பலர் கைவிடுவது இதனால்தான். நைசாக அரைத்த தூளைக் குழம்பாக்கி ஈரத்துணியில் தேய்த்து ஏற்றுவதே பலன் தரும். அடித்துணிக்கு லேசான செம்மை போதும்.

தையல் இழைகளைத் தனியாகச் சாயமிடுங்கள். கறுப்புக்கு வீட்டில் எளிய வழி, கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்து, துருப்பிடித்த இரும்பு ஊறிய தண்ணீரில் முக்குவது. இது நம் கலம்காரி வேலையில் பழகிய வழி, குபா வழி அல்ல. இரும்பு நாரை வலுவிழக்கச் செய்யும் என்பதால் கறுப்பு வந்ததும் எடுத்து நன்றாக அலசுங்கள். இரவு முழுக்க ஊறவிட்டால் வெட்டும்போது பொடியாக உதிரும்.

நிறைய நிறம் வேண்டாம். நாரின் இயல்பான வெளிர் மஞ்சள், கறுப்பு, ஒரு சிவப்பு. ஷோவா வேலையின் அழகு வெளிரும் கருமையும் மோதும் இடத்தில் இருக்கிறது.

8. நிரந்தர ஓரம்

தற்காலிகத் தையலைப் பிரித்து, நீண்டு நிற்கும் நுனிகளை 1 செ.மீ. அளவுக்கு வெட்டி, ஓரத்தை இருமுறை மடித்துத் தையுங்கள். குச்சம் வைத்த பிறகு ஓரம் மடித்தால் மடிப்பில் குச்சம் சிக்கி நசுங்கும். அதனால் இப்போதே முடித்துவிடுங்கள்.

9. வடிவமும் கோடுகளும்

குபா பெண்கள் துணியில் வரைந்துகொள்வதில்லை. வடிவம் மனதில் இருக்கிறது, இழைகளின் எண்ணிக்கை கையில் இருக்கிறது. நீங்களும் பென்சில் தொடாதீர்கள். கரி நாரில் ஏறினால் போகாது, வெளிர் குச்சத்தின் அடியில் அழுக்காகத் தெரியும். காகிதக் கட்டத்தில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, துணியில் இழையை எண்ணுங்கள்.

முதல் வடிவத்துக்கு, இரண்டு பட்டைகள் ஒன்றை ஒன்று தாண்டிப் பின்னிக்கொள்ளும் இம்போல் என்ற பின்னலை எடுத்துக்கொள்ளலாம். சிக்குக் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இது சீக்கிரம் பிடிபடும். கவனிக்க வேண்டியது, ஒரு பட்டை ஒருமுறை மேலே போனால் அடுத்த சந்திப்பில் அடியில் போக வேண்டும். அடியில் போகும் பட்டையின் கோட்டை அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். கோட்டை விடாமல் இழுத்துவிட்டால் பின்னல் தட்டையாகி வெறும் கட்டமாகும்.

சாய்கோட்டுக்குக் கண்மதிப்பை நம்பாதீர்கள். ஒரு பாவு நகர்ந்தால் ஓர் ஊடை ஏறுவது ஒரு சாய்வு. இரண்டு பாவுக்கு ஓர் ஊடை ஏறுவது இன்னொரு சாய்வு. ஒரு துணிக்கு இந்த இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள்.

கோட்டுக்குத் தையல் வகுப்பில் ஸ்டெம் ஸ்டிச் என்று சொல்லும் காம்புத் தையல் போதும். ஊசி துணியின் பின்பக்கம் போகாமல், மேல் இழைகளின் அடியில் மட்டும் நுழைந்து வர வேண்டும். எல்லாக் கோடுகளையும் முடித்த பிறகே குச்சம். கோடு குச்சத்துக்கு எல்லையாக மட்டும் அல்லாமல், பக்கவாட்டில் சாயாமல் தாங்கும் வரப்பாகவும் நிற்கிறது.

குபா கலையில், பட்டை வடிவங்களில் கணிதப்படி சாத்தியமான 7 சமச்சீர் ஒழுங்குகளும், பரப்பை நிரப்பும் 17 ஒழுங்குகளில் 12ம் இருப்பதைக் கணிதவியலாளர் டொனால்ட் குரோ 1971இல் காட்டினார். அவ்வளவு ஒழுங்கு தெரிந்த கைகளே, ஷோவா சதுரங்களில் ஒரு பக்கம் தொடங்கிய வடிவத்தை நடுவில் வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. அந்தத் திருப்பம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் முதல் துண்டில் ஒரே வடிவத்தைத் திருப்பித் திருப்பிச் செய்யுங்கள். எண்ணிக்கை கைக்கு வந்தபின் மாற்றலாம்.

10. குச்சம்

இழையை மறுபடி மெல்லியதாகப் பிரித்து, உள்ளங்கைகளுக்கிடையே தேய்த்து மென்மையாக்குங்கள். 30 செ.மீ. நீளம் வசதி. இழை காய்ந்திருக்க வேண்டும். ஈரமான நார் படிந்துவிடும், வெட்டிய உயரமும் காய்ந்தபின் மாறும்.

ஊசியை ஒரே ஒரு இழையின் அடியில் நுழைத்து, வால் 3 மி.மீ. மிஞ்சும்வரை இழுங்கள். ஊசிப் பக்கத்தையும் அதே உயரத்தில் வெட்டுங்கள். இரண்டு நுனியுள்ள ஒரு குச்சம் முடிந்தது. மீதி இழையால் அடுத்தது. கைதேர்ந்தவர்கள் கத்தியையும் ஊசி பிடித்த கையிலேயே விரலிடுக்கில் வைத்திருப்பார்கள். இழுத்த கையே வெட்டிவிடும். பழகும்வரை கத்தரிக்கோல் போதும்.

இழையின் தடிமனைக் காது சொல்லும். இழுக்கும்போது லேசான உரசல் சத்தம் வந்தால் சரி. சத்தமே இல்லாமல் வழுக்கி வந்தால் மெல்லியது, உதிரும். ஊசி சிக்கிக்கொண்டால் தடித்தது. பலவந்தமாக இழுத்தால் அது நின்றுவிடும், ஆனால் பக்கத்துக் கண்களை அகலப்படுத்தி அங்கே இருப்பவற்றைத் தள்ளிவிடும்.

வளையமாக வரிசை முழுக்கத் தைத்துவிட்டுக் கடைசியில் ஒரேயடியாக வெட்டலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வருகிறது. வேண்டாம். வெட்டாத வளையங்கள் ஒரே இழையில் தொடர்ந்திருப்பதால், அடுத்ததை இழுக்கும்போது முந்தையது சுருங்கும். ஒவ்வொன்றையும் உடனே வெட்டுவதுதான் வேகமான வழியும்கூட.

ஒரு குச்சத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஓர் இழையைக் காலியாக விடுங்கள். பார்க்க இடைவெளி அதிகம் போலத் தோன்றும். நகத்தால் தேய்த்ததும் நுனிகள் விரிந்து மூடிவிடும். அதற்குள் பொறுமையிழந்து நடுவில் இன்னொன்றைத் திணித்தால் துணி பள்ளமும் மேடுமாக வளையும்.

கோட்டை ஒட்டிய வரிசையை முதலில் செய்து, அப்புறம் உள்ளே நிரப்புங்கள். உள்ளிருந்து தொடங்கினால் கடைசி வரிசைக்கு அரைக் குச்சத்துக்கான இடம்தான் மிஞ்சும். நிறத்தில் வெளிரை முடித்துவிட்டுக் கறுப்புக்கு வாருங்கள், கறுப்புத் தூள் வெளிரின் மேல் படியாமல் இருக்க.

அடிக்கடி துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்க வேண்டும். நிறம் தெரிந்தால் ஊசி ஆழமாகப் போகிறது. பின்னால் தெரியும் குச்சம் பின்னாலிருந்து தேய்ந்தே உருவப்பட்டுவிடும்.

11. சீராக்கல்

எல்லாம் முடிந்ததும் கத்தியின் முதுகால் ஒரே திசையில் தடவி, பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். தளர்ந்தவை இப்போதே வந்துவிடும், வரட்டும். அந்த இடங்களை நிரப்பியபின் கத்தரிக்கோலைத் துணிக்கு இணையாகப் படுக்கவைத்து, எழும்பியவற்றை மட்டும் வெட்டுங்கள். உயரத்தை 2 மி.மீ.க்குக் கீழே இறக்காதீர்கள்.

12. வைத்திருப்பதும் பழுதும்

துவைக்கக் கூடாது. நனைந்தால் சிவப்பு கசியும், குச்சம் படிந்துவிடும். தூசியை மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். மடிக்காமல், குச்சம் வெளிப்பக்கம் இருக்கும்படி உருளையில் சுற்றி, வெயில் படாத உலர்ந்த இடத்தில் வையுங்கள். யாருக்காவது கொடுத்தாலோ விற்றாலோ 'குபா முறையில் செய்தது' என்று சொல்லுங்கள். குபா துணி என்ற பெயர் கசாயில் அதை நெய்து தைக்கிறவர்களுடையது.

சில மாதம் கழித்து அங்கங்கே ஒன்றிரண்டு உதிரும். அதே இழையின் அடியில் சற்றுத் தடித்த இழையைக் கோத்து வெட்டினால் போதும். ஒரே இடத்தில் கூட்டமாக உதிர்ந்தால், முதலில் அங்கே அடித்துணியின் இழைகளை ஊசி முனையால் நெருக்கித் தள்ளிவிட்டு, வெளியோரத்திலிருந்து உள்நோக்கி நிரப்புங்கள். சேமித்து வைத்த சாய இழைகள் இதற்குத் தேவைப்படும் என்பதால் ஒவ்வொரு நிறத்திலும் ஒரு சிறு கட்டைத் துணியோடு சேர்த்தே சுற்றி வையுங்கள்.